கைக்கு வரும் சம்பளம் குறையுமா?

‘புதுச் சட்டம் வந்துடுச்சாம்… இனிமே கைக்கு வர்ற சம்பளம் குறையுமாம்!’ மாதச் சம்பளக்காரர்கள் இருக்கும் வீடுகளில் கேட்கிற பேச்சு இது. கூடவே, ‘ஒரு வருஷம் வேலை பார்த்தாலே எல்லாருக்கும் கிராஜுவிட்டி’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. இரண்டுமே பாதி உண்மைதான்.

மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கின்றன. பழைய சட்டங்கள் 29-ஐச் சேர்த்து நான்காக்கியிருக்கிறார்கள். இதில் நம் வீட்டு பட்ஜெட்டை நேராகத் தொடுவது, ‘சம்பளம்’ என்றால் எது என்பதற்கான புது விளக்கம்.

இதுவரை பல நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாகவும், படிகளை அதிகமாகவும் காட்டி வந்தன. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் வைத்துத்தானே கணக்கு! இனி வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டுகிற தொகையும் சம்பளமாகவே கணக்கில் வரும்.

ஒருவருக்கு மொத்தம் 30,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 10,000 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். இனி அது 15,000-ஆகக் கணக்கிடப்படும். 12 சதவிகித பி.எஃப். பிடித்தம் 1,200-லிருந்து 1,800 ஆகும். கையில் 600 ரூபாய் குறையும். நிறுவனம் தன் பங்கையும் உங்கள் மொத்தத் தொகைக்குள்ளேயே அடக்கியிருந்தால் இன்னொரு 600 போகலாம். ஏற்கெனவே பி.எஃப். உச்சவரம்பான 15,000 ரூபாய்க்குப் பிடித்தம் செய்பவர்களுக்கு எதுவும் குறைய வேண்டியதில்லை.

அதே ஆள் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு விலகினால்? கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். பழைய கணக்கில் 57,692 ரூபாய். புதுக் கணக்கில் 86,538. மாதம் 600 ரூபாய் குறைவது இல்லத்தரசிக்கு எரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணமும் பி.எஃப். கணக்கில் உங்கள் பெயரில்தான் சேர்கிறது.

வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். நிரந்தரப் பணியாளர்களுக்கு அதே ஐந்து வருட விதிதான். ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி கிடைப்பது, குறிப்பிட்ட காலத்துக்கென்று நிறுவனமே நேரடியாக எழுத்து ஒப்பந்தம் போட்டு எடுத்தவர்களுக்கு. ஏஜென்சி மூலம் வருகிற கான்ட்ராக்ட் தொழிலாளர் இந்த வகையில் சேர மாட்டார். பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டு, ஒரு மாதம் வீட்டில் உட்காரவைத்து, மறுபடி கூப்பிடுகிற ‘புத்திசாலி’ நிர்வாகங்கள் உண்டே… அந்தப் பழக்கம் இனி அதிகமாகுமோ என்பது என் பயம்.

பயப்பட இன்னொன்றும் உண்டு. ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி, முன்பு 100 பேர் இருந்தாலே தேவைப்பட்டது. இப்போது 300 பேர் இருந்தால்தான். தொழிற்சங்கங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ராஜினாமா செய்தவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது நல்ல மாற்றம். ‘அடுத்த மாசம் வாங்க’ என்று இழுத்தடிக்க முடியாது. நியமனக் கடிதமும் எல்லோருக்கும் கட்டாயம். வருடக்கணக்கில் வேலை பார்த்தும் அப்படி ஒரு காகிதத்தையே பார்க்காத கடைப் பெண்கள், கம்பெனிப் பெண்கள் எத்தனை பேர்! முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். இந்த மாத பே ஸ்லிப் வந்ததும், அடிப்படைச் சம்பளம் என்ற இடத்தில் என்ன தொகை போட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.