மனு ஆன்லைன்ல போகுது, ஃபைல் நடந்துதான் வருது

துப்பாக்கி லைசென்ஸ் எல்லாம் இப்ப ஆன்லைன் ஆயிடுச்சே, இன்னும் என்ன குறைன்னு நகரத்து நண்பர்கள் கேக்கறாங்க. மனு போடறது மட்டும்தான் ஆன்லைன். அதுக்கப்புறம் ஆகறதெல்லாம் தாத்தா காலத்து வேலைதான்.

முதல்ல, எந்தத் துப்பாக்கின்னு சொல்லிடறேன். சினிமாவுல வர்ற பிஸ்டல் இல்ல. குழல் வாய் வழியா கரிமருந்து கெட்டிச்சு ஒரு தடவை வெடிக்கிற பழைய துப்பாக்கி. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமே 'பயிர்ப் பாதுகாப்பு'ன்னு பேர் சொல்லி இதை விவசாயிக்கு அனுமதிக்குது. பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர் காட்டோரத்துல மல்லாட்டை போடறவனுக்கு இது எதுக்குன்னு விளக்கத் தேவையில்ல. காட்டுப்பன்னிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினா, காலையில ஏர் ஓட்டின நிலம் மாதிரி கெடக்கும். பெரும்பாலும் பன்னியைச் சுடறதுக்கு இல்ல, சத்தம் போட்டு விரட்டத்தான் துப்பாக்கி. சுடறதுக்குத் தனி அனுமதி வேணும், அது வேற சட்டம்.

2016ல புது ஆயுத விதிகள் வந்துச்சு. நாடு முழுக்க ஒரே இணையதளம், ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தனி எண். நல்ல விஷயம்தான். ஜம்மு காஷ்மீர்ல 2012லிருந்து 2016 வரைக்கும் தகுதி இல்லாதவங்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேல லைசென்ஸ் கொடுத்துட்டாங்கன்னு சி.பி.ஐ. விசாரிச்சதே, அந்த மாதிரி கூத்தெல்லாம் காகித ரிஜிஸ்டர்லதான் சுலபமா நடக்கும். கம்ப்யூட்டர் வேணாம்னு நான் சொல்லல.

ஆனா மனு உள்ள போனதும் என்ன ஆகுது? வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், ஆர்.டி.ஓ.ன்னு வருவாய்த்துறை வரிசை ஒண்ணு. ஸ்டேஷன், டி.எஸ்.பி., எஸ்.பி.ன்னு போலீஸ் வரிசை ஒண்ணு. காட்டோரம்னா வனத்துறையும் சேரும். சரணாலயத்தைச் சுத்தி 10 கிலோமீட்டருக்குள்ள புது லைசென்ஸ்னா தலைமை வன உயிரினக் காப்பாளர் சம்மதமும் வேணும். ஒவ்வொரு மேஜையிலயும் ஃபைல் உக்காரும். ஆம்பூர்ல தைக்கிற ஷூ ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் சரக்கு எங்க இருக்குன்னு கம்பெனிக்காரர் ஸ்கிரீன்ல பாக்கறார். அதே ஊர் விவசாயியோட மனு தாலுகா ஆபீஸ்ல இருக்கா, கலெக்டர் ஆபீஸ்ல இருக்கான்னு தெரிஞ்சுக்க, பஸ் ஏறி நேர்ல போகணும். 2019ல வேலூர் மாவட்டத்தை மூணாப் பிரிச்சதுல திருப்பத்தூர் கலெக்டர் ஆபீஸ் வந்துச்சே தவிர, அலைச்சல் போகல.

சட்டத்துல குறை இருக்கான்னா, இல்ல. போலீஸ் அறிக்கை 30 நாள்ல வரணும். அறிக்கை வந்து 60 நாள்ல கலெக்டர் முடிவு சொல்லணும். குறிச்ச நாள்ல அறிக்கை வரலேன்னா, அதுக்குக் காத்திருக்காமலே முடிவெடுக்கலாம். மறுத்தா காரணத்தை எழுதி வைக்கணும். சொத்து பத்தலங்கிற ஒரே காரணத்துக்காக யாருக்கும் மறுக்கக் கூடாதுன்னு 14ஆம் பிரிவு சொல்லுது. இதுல எதையும் கம்ப்யூட்டர் கட்டாயப்படுத்தல. 31ஆவது நாள் தானா மணி அடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்ய எவ்வளவு செலவாகப் போவுது?

லைசென்ஸ் வெச்சிருக்கிறவன் கதை இன்னொண்ணு. தேர்தல் வந்தா துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கணும். 2019ல வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல்ல ரத்தாகி, ஆகஸ்ட் 5ல திரும்ப நடந்துச்சு. 2021ல ஏப்ரல்ல சட்டமன்றம், அக்டோபர்ல உள்ளாட்சி. மானாவாரி மல்லாட்டை காய் முத்துற நேரம் அந்த அக்டோபர். யார் துப்பாக்கியை வாங்கி வைக்கணும்னு ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு பண்ணத்தான் கமிட்டி இருக்கு. வழக்கு இருக்கிறவன், ஜாமீன்ல வந்தவன், கலவரத்துல பேர் அடிபட்டவன்கிட்ட வாங்குங்க. அந்தப் பட்டியலை நிமிஷத்துல எடுக்கத்தானே டேட்டாபேஸ்?

"துப்பாக்கி குறைஞ்சா நல்லதுதானே"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா நேர்வழி அடைபட்டா என்ன ஆகும்னு பாருங்க. ஒருத்தன் கரண்ட் கம்பியைத் திருட்டுத்தனமா வேலியில இழுக்கறான். 2023 மார்ச்சுல தர்மபுரி மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில மூணு யானை செத்துச்சு, ரெண்டு குட்டி அனாதையாச்சு. ராத்திரி தண்ணி கட்டப் போற மனுஷனும் அதே கம்பியிலதான் சாவறான். இன்னொருத்தன் அவுட்டுக்காய் வைக்கிறான், அதைக் கடிச்ச மாட்டுக்கு வாய் கிழியும். மூணாமவன் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை வைக்கோல்போருல ஒளிச்சு வைக்கிறான். தானா ஒப்படைச்சா கேஸ் இல்லேன்னு போலீஸ் மலைக்கிராமங்கள்ல அறிவிக்கிறதே, அது இந்தத் துப்பாக்கிகளுக்குத்தான். லைசென்ஸ் துப்பாக்கி அரசாங்கத்தோட கண்ணுல இருக்கு. மத்த மூணும் சாவு விழுந்த பிறகுதான் கண்ணுல படுது.

2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு காட்டுப்பன்னிக்கு ஒரு வழி சொல்லிச்சு. காப்புக்காட்டுலேருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்தா வனத்துறையே சுடும், 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. சரி, காடு காடாவே இருக்கட்டும். ஆனா அந்த 1 கிலோமீட்டருக்குள்ள நிலம் வெச்சிருக்கிறவன் ராத்திரி முழுக்க தகர டப்பாவையே தட்டிட்டு இருக்கணுமா?

எல்லாருக்கும் துப்பாக்கி கொடுங்கன்னு கேக்கல. மனு எந்த மேஜையில இருக்குன்னு போன்ல தெரியணும். குறிச்ச நாள்ல பதில் வரணும். மறுத்தா காரணம் தமிழ்ல எழுத்துல வேணும். வருஷத்துக்கு ஒரு நாள் மூணு துறையும் தாலுகாவுல ஒரே பந்தல்ல உக்காந்து விசாரிச்சு முடிக்கணும். 'முடியாது'ன்னே சொல்லுங்க, ஏத்துக்கறோம். ஆனா அதை விதைக்கிறதுக்கு முன்னாடி சொல்லுங்க. அந்த நிலத்துல மல்லாட்டை வேணாம், வேற ஏதாவது போட்டுக்கறோம்.