கேட்டு எழுதும் நாடகங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரெடிங் என்று ஒரு நகரம். ஒரு காலத்தில் ரயில்வேக்கும் ஆலைகளுக்கும் பேர்போன ஊர். 2011-ல் வெளியான மக்கள்தொகைப் புள்ளிவிவரம் அதற்கு வேறொரு பெயரை வாங்கிக் கொடுத்தது: அதன் அளவுள்ள அமெரிக்க நகரங்களில் மிகவும் ஏழை நகரம். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வறுமைக் கோட்டின் கீழே. பத்திரிகை படித்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். நாடகாசிரியர் லின் நாட்டேஜ் அந்த ஊருக்கே போனார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்பப் போய், வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசினார். 'ஸ்வெட்' நாடகம் பிறந்தது அப்படித்தான்.

தமிழில் கேள்வி கேட்பதும் கேட்பதுதான், காது கொடுப்பதும் கேட்பதுதான். இரண்டையும் பிரிக்காமல் செய்வது நாட்டேஜின் வழி.

1964-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த கறுப்பினப் பெண். யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டு, அரங்கை விட்டு விலகி, ஆம்னஸ்டி இண்டர்நேஷனலில் பத்திரிகைத் தொடர்பாளராக நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். கணவர்களிடம் அடிபட்ட பெண்களின் புகைப்படங்கள் ஒரு நாள் அங்கே வந்தன. மனித உரிமை மீறல் என்று அன்று வகுக்கப்பட்டிருந்த எல்லைக்குள் வீட்டுக்குள் விழும் அடி வரவில்லை. அறிக்கையில் எழுத முடியாததை அவர் நாடகமாக எழுதினார். 1993-ல் மேடையேறிய 'பூஃப்!' என்ற குறுநாடகத்தில், அடிக்கிற கணவன் மனைவியின் சாபத்தில் சாம்பலாகிவிடுகிறான். மிஞ்சுவது அவன் மூக்குக்கண்ணாடி.

அடுத்து, சொந்தக் குடும்பம். கொள்ளுப்பாட்டி நியூயார்க்கில் பெண்களின் உள்ளாடைகளைத் தைத்துப் பிழைத்தவர். அதற்கு மேல் கேட்டறிய ஆள் இல்லை. நாட்டேஜ் நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைப் புரட்டினார். 2003-ல் வந்த 'இன்டிமேட் அப்பேரல்' 1905-ல் நடக்கும் கதை. எழுதப் படிக்கத் தெரியாத தையல்காரிக்கும் பனாமா கால்வாயில் மண் வெட்டும் ஒருவனுக்கும் கடிதத்திலேயே காதல் வளர்கிறது. இரு பக்கமும் கடிதம் எழுதியது வேறு ஆட்கள் என்று தெரியும்போது கல்யாணம் முடிந்திருக்கிறது.

2004-ல் உகாண்டா பயணம். பிரெக்டின் 'மதர் கரேஜ்' நாடகத்தை காங்கோ யுத்தத்துக்குப் பொருத்தி எழுதுவது உத்தேசம். பலாத்காரத்துக்கு ஆளாகி எல்லை தாண்டி வந்த காங்கோ பெண்கள் பேசத் தொடங்கியதும் பிரெக்டை ஒதுக்கி வைத்தார். சுரங்க ஊர் ஒன்றில் ராணுவத்துக்கும் கலகக்காரர்களுக்கும் ஒரே மேஜையில் மது ஊற்றும் மாமா நாடி என்ற பெண்ணின் கதையாக 'ருயின்ட்' உருவானது. 2009-ல் புலிட்சர் பரிசு.

'ஸ்வெட்' நாடகமும் ஒரு மதுக்கடையில்தான் நடக்கிறது. ஒரே ஆலையில் வேலை செய்யும் தோழிகள். கறுப்பினப் பெண்ணுக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. பிறகு ஆலைக் கதவு மூடுகிறது. கதவை மூடியவர்கள் கைக்கு எட்டுவதில்லை. கோபம் எட்டுகிற ஆள் மீது விழுகிறது: அதே கடையில் கிளாஸ் கழுவும், குறைந்த கூலிக்கு ஆலைக்குப் போன பையன் மீது. 2016 நவம்பர் 3-ல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் நாடகம் தொடங்கியது. ஐந்து நாள் கழித்து டிரம்ப் ஜெயித்தார், பென்சில்வேனியாவையும் சேர்த்து. பலர் நாடகத்தை ஆரூடம் என்றார்கள். உண்மையில் அந்த ஊர் வெகுநாளாகப் பேசிக்கொண்டிருந்தது. காது கொடுத்தவர்கள் குறைவு.

இந்த நாடகம் 2017-ல் இரண்டாவது புலிட்சரைத் தந்தது. இருமுறை அதைப் பெற்ற முதல் பெண் நாடகாசிரியர் நாட்டேஜ். இருந்தும் பிராட்வேயில் மூன்றே மாதத்தில் திரை விழுந்தது.

பிறர் துயரத்தைக் கேட்டு வாங்கி, காசுள்ளவர்களுக்கு மேடையில் காட்டுவது நியாயமா? இந்தக் கேள்விக்கு நாட்டேஜ் செயலில் பதில் சொன்னார். 2017 ஜூலையில் ரெடிங்கின் பழைய ஃபிராங்க்ளின் தெரு ரயில் நிலையத்தில், அந்த ஊர்க் கதைகளையே ஒளியும் ஒலியும் நடிப்புமாக அந்த மக்களிடம் திருப்பிக் கொடுத்தார். 2018-ல் 'ஸ்வெட்' ஐந்து மாநிலங்களின் சிறு ஊர்களுக்கு இலவசமாகவே போனது.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல முடியாது. 2022-ல் பிராட்வேக்கு வந்த 'எம்ஜே' என்ற மைக்கேல் ஜாக்சன் இசை நாடகத்துக்குக் கதை வசனம் அவருடையது. ஜாக்சனின் சொத்துகளை நிர்வகிப்பவர்களின் ஒப்புதலோடு தயாரானது அது. கதை 1992-லேயே நின்றுவிடுகிறது. 1993-ல் வெடித்த சிறுவர் பாலியல் புகார் உள்ளே வரவில்லை. விமர்சகர்கள் சும்மா விடவில்லை. வசூலுக்கு மட்டும் குறைவில்லை.

இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. ரெடிங்கில் அவரிடம் பேசியவர்களுக்கு விற்க எதுவும் இல்லை, மறைக்கவும் எதுவும் இல்லை. நாட்டேஜின் நல்ல நாடகங்கள் அப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் வந்திருக்கின்றன.