கப்பலேற வேண்டியது மானம் இல்லீங்க, அப்பா அம்மா!

டிஸ்கி: இது அலாஸ்கா பயணக் கட்டுரை இல்லை. 'இது நான், இது பனிமலை, இது பனிமலை முன்னாடி நான்'னு படம் போட்டு உங்களைக் கொல்லப் போறதும் இல்லை. ஒரு கருத்து, அதுக்குக் கூடவே கொஞ்சம் கணக்கு, அவ்ளோதான் :-)

'க்ரூஸ் போலாமா'ன்னு நம்மாளுங்ககிட்ட கேட்டுப் பாருங்க. மூணு பதில்ல ஒண்ணு கண்டிப்பா வரும். ஒண்ணு, அதெல்லாம் பணக்காரன் சமாச்சாரம். ரெண்டு, குடிக்கிறவனுக்கும் சூதாடுறவனுக்கும்தான் அது லாயக்கு. மூணு, நாங்க சைவம், ஏழு நாளும் ரொட்டியும் வெண்ணெயுமா தின்னுட்டு இருக்கறது?

மூணுமே தப்புன்னு சொல்ல வரலை. ஆனா இந்த மூணையும் சொல்லிக்கிட்டே நாம பண்ற காரியம் என்ன? ஊர்லேர்ந்து அப்பா அம்மா ஆறு மாசத்துக்கு வர்றாங்க. அஞ்சரை மாசம் நாலு சுவத்துக்குள்ள சன் டிவி. மிச்ச நாள்ல 'எல்லாத்தையும் காட்டிடணும்'னு வேன்ல தூக்கிப் போட்டு ஒரு நாளைக்கு முந்நூறு மைல் ஓட்டறோம். தினம் ஒரு மோட்டல், தினம் பெட்டி பிரிச்சு பெட்டி கட்டு, வழி நெடுக புளியோதரை, முட்டி வலி, 'அடுத்த பாத்ரூம் எப்போப்பா வரும்'. ஊருக்குத் திரும்பினதும் அவங்களுக்கு ஞாபகம் இருக்கறது கார் சீட் பெல்ட் மட்டும்தான்.

என் கட்சி இதுதான்: எழுபதைத் தொட்ட, முட்டி தேஞ்ச, ஆனா கண்ணும் ஆசையும் நல்லா இருக்கற பெத்தவங்களுக்குக் கப்பலை விடத் தோதான பயணம் கிடையாது. பெட்டியை ஒரு தடவை பிரிச்சா போதும். அறையை விட்டு அம்பதடி நடந்தா சாப்பாடு, லிஃப்ட்ல ஏறினா கடல். முடியலைன்னா படுத்துக்கலாம், ஊரே ஜன்னலுக்கு வெளியே நடந்து போகும். ஆனா கணக்குத் தெரிஞ்சு போகணும். இல்லைன்னா நிஜமாவே பணக்காரன் சமாச்சாரமா ஆயிடும்.

நாங்க சியாட்டில்லேர்ந்து ஏழு ராத்திரி அலாஸ்கா போனோம், அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69. அதை வெச்சே சொல்றேன்.

முதல்ல விசா. சியாட்டில்ல ஏறி சியாட்டில்லயே இறங்கற கப்பல்கூட நடுவுல கனடாவுல, பெரும்பாலும் விக்டோரியாவுல, ஒரு சாயங்காலம் நிக்கும். ஏன் தெரியுமா? 1886ல போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கற கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு நடுவுல மட்டும் ஆள் ஏத்தி இறக்கப் பிழைக்கக் கூடாதுங்கறாங்க. பெரிய க்ரூஸ் கப்பல் எல்லாம் பஹாமாஸ், பனாமான்னு வேற நாட்டுக் கொடிதான். அதனால சாங்கியத்துக்கு ஒரு கனடா நிறுத்தம். 2021ல கொரோனாவால கனடா துறைமுகங்கள் மூடியிருந்தப்ப, இதுக்குன்னே அமெரிக்கா தற்காலிகமா ஒரு விலக்குச் சட்டம் போட வேண்டியதாப் போச்சு!

நமக்கு இதுல என்ன விஷயம்னா, இந்தியப் பாஸ்போர்ட் வெச்சிருக்கற பெத்தவங்களுக்குக் கனடா விசாவும் வேணும். 'நாங்க கீழயே இறங்க மாட்டோம்'னு சொன்னாலும் விட மாட்டாங்க. எங்க குடியிருப்புலயே ஒரு குடும்பத்துல, 'அதெல்லாம் தேவையில்லை'ன்னு ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போயி, துறைமுகத்துலேர்ந்து வயசானவங்க ரெண்டு பேரும் திரும்பி வந்தாங்க. அமெரிக்க விசாவும் பலமுறை நுழையறதுக்கான விசாவான்னு பார்த்துக்கோங்க. கப்பல் டிக்கெட்டுக்கு முன்னாடி விசா. இந்த வரிசையை மாத்தாதீங்க.

அடுத்து மாசம். அலாஸ்கா சீசன் ஏப்ரல் கடைசியிலேர்ந்து அக்டோபர் வரைக்கும். எல்லாரும் ஸ்கூல் லீவுல ஜூலை, ஆகஸ்ட்ல முட்டி மோதுவாங்க. அப்பா அம்மாவுக்கு என்ன ஸ்கூலா? மே மாசம் போங்க. விலை குறைவு, கூட்டம் குறைவு, அந்தப் பக்கத்துல மழையும் மத்த மாசங்களை விடக் குறைவு. குளிரும், அதுக்கு ஸ்வெட்டர் இருக்கு. மழைக் கோட்டு மட்டும் எந்த மாசமானாலும் வேணும். கெச்சிகன்னு ஒரு ஊர்ல கப்பல் நிக்கும், வருஷத்துக்கு சுமாரா 140, 150 அங்குலம் மழை. நம்ம சென்னைக்கு சுமாரா 55. கணக்குப் போட்டுக்கோங்க.

அறை எங்க எடுக்கறது? பால்கனி இருந்தா நல்லதுதான். அதைவிட முக்கியம் அறை இருக்கற இடம். கப்பலோட நடுப்பகுதி, கீழ்த் தளம்: இங்கதான் ஆட்டம் குறைவு. சியாட்டில்லேர்ந்து போற கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடல்ல போகும், முதல் ராத்திரி கொஞ்சம் ஆட்டும். கனடாவோட வான்கூவர் நகரத்துல ஏறினா தீவுக்கும் கரைக்கும் நடுவுல போறதால ஆட்டம் குறைவு. குமட்டலுக்கு மாத்திரையை முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிடுங்க, பிரஷர் மாத்திரையோட ஒத்துப்போகுமான்னு அவர்தான் சொல்லணும். லிஃப்டுக்குப் பக்கத்துல அறை எடுங்க, அம்மாவோட முட்டி உங்களை வாழ்த்தும். தலைக்கு மேல நீச்சல்குளத் தளமும் காலுக்குக் கீழ நாடக அரங்கமும் இல்லாம பார்த்துக்கோங்க. கப்பல் வரைபடம் நெட்டுலயே இருக்கு.

சில துறைமுகத்துல கப்பல் கரையில ஒட்டாது, சின்னப் படகுல ஏத்தி இறக்குவாங்க. சக்கர நாற்காலிக்காரங்களுக்கு இது சிரமம். புக் பண்றப்பவே கேளுங்க.

சாப்பாடு. இதைத்தான் எல்லாரும் கேப்பீங்க. புக் பண்றப்பவே 'இந்திய சைவம்'னு பதிவு பண்ணிடுங்க. கப்பல்ல ஏறின அன்னிக்கே சாப்பாட்டுக் கூடத்து மேற்பார்வையாளரைப் பார்த்து, நாளைக்கு என்ன வேணும்னு இன்னிக்கே சொல்லிடணும். சமையல்கட்டுல நம்மூர் ஆள் யாராவது இருப்பாங்க. எங்களுக்கு சாதம், பருப்பு, ரெண்டு கறி தினமும் வந்தது. தோசை வரலை, ஆனா மூணாம் நாள் எங்கேர்ந்தோ பச்சை மிளகாய் வந்தது. அம்மா ரைஸ் குக்கரை எடுத்து வெச்சாங்கன்னா நைசா வெளிய எடுத்துடுங்க. சூடு பண்ற சாமானுக்கு அனுமதி இல்லை, இஸ்திரிப் பெட்டிக்கும் இல்லை. சீல் பிரிக்காத முறுக்குப் பாக்கெட்டுக்குப் பொதுவா பிரச்னை இல்லை :-)

பெட்டி. பெரிய பெட்டியைத் துறைமுகத்துலயே வாங்கிடுவாங்க, அறைக்கு வரச் சாயங்காலம் ஆயிடும். மருந்து, பாஸ்போர்ட், ஒரு ஸ்வெட்டர் எல்லாம் கைப்பையில. கிளம்பறதுக்கு ஒரு நாள் முன்னாடியே ஊர் போய்ச் சேருங்க. விமானம் தாமதமானா கப்பல் காத்துக்கிட்டு நிக்காது.

செல்போன். கப்பல் ஏறினதும் ஏர்ப்ளேன் மோட். கடல்ல கப்பலோட சொந்தச் சிக்னலைப் போன் பிடிச்சா பில் தனியா எகிறும். அப்பா போனையும் பாருங்க, வாட்ஸப் குட்மார்னிங் அனுப்பற பழக்கம் கடல்லயும் போகாது.

இன்ஷூரன்ஸ். கப்பல்ல டாக்டர் உண்டு, இலவசம் கிடையாது. நிலைமை மோசமானா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற செலவு, மொத்தப் பயணச் செலவை விடப் பல மடங்கு. அப்பா அம்மாவுக்கு எடுத்த விசிட்டர் இன்ஷூரன்ஸ் நடுக்கடல்லயும் கனடாவுலயும் செல்லுமா, அவசரமா தூக்கிட்டுப் போற செலவைத் தருமா, ஏற்கெனவே இருக்கற வியாதிக்குத் தருமான்னு மூணு கேள்வியையும் எழுத்துல கேட்டு வாங்குங்க. இங்க மிச்சம் பிடிக்காதீங்க.

எங்க மிச்சம் பிடிக்கலாம்? மதுப் பொட்டலம், போட்டோ, ஸ்பா, கப்பலுக்குள்ள நகைக்கடை, 'இன்னிக்கு மட்டும்' தள்ளுபடி. எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு. ஜூனோவுல மெண்டன்ஹால் பனியாறு ஊர்லேர்ந்து பன்னிரண்டு மைல்தான், கரையிலயே பஸ் டிக்கெட் விக்கறாங்க. ஆனா நேரம் ரொம்ப எடுக்கற சுற்றுலான்னா கப்பல்காரங்ககிட்டயே வாங்குங்க. அவங்க வண்டி தாமதமானா கப்பல் நிக்கும், நாமளா போய்த் தாமதமானா கையாட்டிட்டுப் போயிடும்.

ஒண்ணுக்கு மட்டும் கை நீட்டிச் செலவழிக்கலாம்: ஸ்காக்வே ரயில். தங்க வேட்டைக் காலத்துல 1898ல ஆரம்பிச்சு 1900ல முடிச்ச மூணடிப் பாதை, இருபது மைல்ல கிட்டத்தட்ட மூவாயிரம் அடி ஏறுது. மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதை திறந்தது 1899ல. அப்பா ரிட்டையர்ட் ரயில்வே. அன்னிக்கு முழுக்க எங்க யாரையும் பேச விடலை, 'நம்மூர்ல பல் சக்கரம், இங்க அது இல்லாமலே ஏத்தறான் பாரு'ன்னு பக்கத்து சீட் வெள்ளைக்காரருக்குத் தமிழ்ல வகுப்பு எடுத்தார். அவரும் தலையாட்டினார்!

இப்ப நான் சண்டை போட வந்த விஷயத்துக்கு வர்றேன்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 16லேர்ந்து 20 டாலர் வரைக்கும் டிப்ஸுன்னு கப்பல்காரங்களே கணக்குல சேர்ப்பாங்க. 18னு வெச்சாக்கூட நாலு பேருக்கு ஏழு நாளைக்கு 504 டாலர். நம்மாளுங்க சில பேர் ரெண்டாம் நாளே கவுண்டர்ல போய் 'இதை எடுத்துடு'ன்னு எடுத்துடறாங்க. பல கப்பல்ல எடுக்கவும் முடியும். அதை ஒரு சாமர்த்தியமா வேற 'டிப்ஸ்'னு அடுத்தவனுக்குச் சொல்லித் தர்றாங்க.

எங்க மேசையில பரிமாறினது தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். அம்மா ரெண்டாம் நாளே மோப்பம் பிடிச்சுட்டாங்க. 'எப்போப்பா ஊருக்குப் போவே?' 'இன்னும் அஞ்சு மாசம் இருக்கும்மா. கொழந்தை பொறந்து போன்லதான் பாத்திருக்கேன்.' அவ்ளோதான், அதுக்கப்புறம் அம்மா தட்டுல எதையும் மிச்சம் வைக்கலை.

கப்பல் வேலைக்கு உலக அளவுல ஒரு ஒப்பந்தம் இருக்கு, 2006ல போட்டது, 2013ல அமலுக்கு வந்தது. அதுல சொல்ற குறைந்தபட்ச ஓய்வே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம். மிச்சத்தை நீங்களே கழிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமைங்கற பேச்சே இல்லை. கம்பெனி நேரா நல்ல சம்பளம் கொடுக்கணும், டிப்ஸ்ல தள்ளக் கூடாதுன்னு நீங்க சொன்னா, நானும் கையைத் தூக்கறேன். ஆனா நீங்க அந்த 504ஐ எடுத்தா கம்பெனிக்கு ஒரு பைசா நட்டமில்லை. அறையைத் துடைக்கறவர், தட்டு எடுக்கறவர், துணி துவைக்கறவர்னு கண்ணுக்குத் தெரியாத ஆளுங்க மடியிலதான் கை வைக்கறீங்க. டிக்கெட் விலையோட 504ஐயும் கூட்டிப் பாருங்க. கட்டுப்படியாகலைன்னா பால்கனியை விட்டுட்டு ஜன்னல் அறை எடுங்க.

இன்னொரு பக்கமும் சொல்லணும். கப்பல் ஒண்ணும் புனிதப் பசு இல்லை. ஜூனோவுல இருக்கறது முப்பத்திரண்டாயிரம் பேருக்குப் பக்கம். 2023ல வந்து இறங்கின கப்பல் பயணிகள் 16 லட்சத்துக்கு மேல. அந்த ஊருக்கு வெளியிலேர்ந்து ரோடே கிடையாது, கடலும் வானமும்தான் வழி. 'சனிக்கிழமையாவது கப்பல் வேண்டாம்'னு 2024ல ஊர் மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடந்து தோத்துப் போச்சு. கப்பல் கம்பெனிகளோட பேசி 2026லேர்ந்து ஒரு நாளைக்கு 16,000, சனிக்கிழமை 12,000னு உச்சவரம்பு வெச்சிருக்காங்க. நாம பார்க்கப் போற அதே மெண்டன்ஹால் பக்கம் பனி உருகித் தேங்கின தண்ணி உடைச்சுக்கிட்டு 2023லயும் 2024லயும் ஊருக்குள்ள வெள்ளம். கிளேசியர் பே தேசியப் பூங்காவுல ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய கப்பலுக்கு மேல விடறதில்லை. இந்த மாதிரிக் கட்டுப்பாடு எல்லாம் இன்னும் வரணும்ங்கறதுதான் என் ஓட்டு. 'அப்ப ஏன் போனே?'ன்னு கேட்டா, வருஷா வருஷம் போகாதீங்க, ஒரு தடவை போங்க, பெத்தவங்களோட போங்கங்கறதுதான் பதில்.

கொசுறா ரெண்டு. பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டா முணுமுணுக்காம போங்க. 2012ல இத்தாலிப் பக்கம் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்து 32 பேர் செத்தாங்க, அன்னிக்கு ஏறின நிறையப் பேருக்குப் பயிற்சியே நடக்கலை. ரெண்டாவது, பஃபேக்குப் போறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. கப்பல்ல பரவற வாந்தி பேதிக் கிருமி சானிடைசருக்கு அவ்வளவா அசையாது.

மக்களே, முட்டி யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்காது. 'அடுத்த தடவை வர்றப்ப பார்த்துக்கலாம்'னு எழுபத்தி நாலு வயசுக்காரர்கிட்ட சொல்றதுக்கு நமக்கு என்ன உத்தரவாதம் இருக்கு? அவங்க நடக்கறப்பவே கூட்டிட்டுப் போங்க. வான்கூவர்லேர்ந்தோ, சிங்கப்பூர்லேர்ந்தோ போனவங்க உங்க கணக்கையும் பின்னூட்டத்துல போடுங்க. டிப்ஸை எடுத்துட்டேன்னு பெருமையாச் சொல்றவங்களும் வரலாம், தூத்துக்குடிப் பையன் சார்பா நான் இங்கதான் இருக்கேன் :-)