ஆயத்த ஆடை முடிந்த ஆடை அல்ல

புதிதாக எடுத்த சட்டை தோளில் வழிகிறது. சுடிதார் டாப் மார்பில் சரியாக உட்கார்ந்து இடுப்பில் தொளதொளவென்று நிற்கிறது. இடுப்புக்குப் பார்த்து எடுத்த பேண்ட் தொடையில் பிடிக்கிறது. இப்படி நேரும்போதெல்லாம் நம்மில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "என் உடம்புக்கு எதுவும் செட் ஆகாது." அடுத்த முறை ஒரு சைஸ் கூட்டியோ குறைத்தோ எடுத்துப் பார்க்கிறோம். அதுவும் பொருந்தாவிட்டால் ஒல்லி, குண்டு, குள்ளம், தொப்பை என்று உடம்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு, துணியை பீரோவின் அடித்தட்டுக்கு அனுப்புகிறோம். கடையில் விலைச்சீட்டோடு தொங்கும் உடை முழுதாக முடிந்த பொருள், அதன் அளவு சரியான அளவு, பொருந்தாவிட்டால் தப்பு உடுத்துகிறவரிடம்தான் என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஆழமாக ஊறிவிட்டது. இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தவறு. ஆயத்த ஆடை முக்கால் வேலை முடிந்த பொருள் மட்டுமே. உடுத்துகிறவரின் உடம்பில் வைத்துப் பிடித்துத் தைக்கும் கடைசி வேலை அதில் எப்போதும் பாக்கி இருக்கிறது. அந்த வேலையின் பெரும்பகுதி எவரும் கற்றுக்கொள்ளக்கூடியது.

சைஸ் எப்படி உருவாகிறது என்று பார்த்தாலே இது விளங்கும். ஆடை நிறுவனம் முதலில் நடுத்தரமான ஓர் உடம்பை மனதில் வைத்து மாதிரி ஒன்றை வெட்டித் தைக்கிறது. மாதிரி சரியானதும் அந்தப் பேட்டர்னைக் கணக்குப்படி பெரிதாக்கியும் சிறிதாக்கியும் மற்ற சைஸ்களை எடுக்கிறார்கள். இதைத் தொழிலில் கிரேடிங் என்பார்கள். மார்புச் சுற்றளவு 2 அங்குலம் கூடினால் தோள் இவ்வளவு, கைக்குழி இவ்வளவு, நீளம் இவ்வளவு என்று எல்லாமே சேர்ந்து கூடும். மனித உடம்பு அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு வளர்வதில்லை. பிள்ளை பெற்றபின் இடுப்பு பெருத்த பெண்ணுக்குத் தோள் எலும்பு அகலமாவதில்லை. பாரம் தூக்கித் தூக்கி மேற்கை திரண்ட ஆணுக்கு அதோடு சேர்ந்து இடுப்பும் பெருப்பதில்லை. ஆகவே இடுப்புக்காக ஒரு சைஸ் கூட்டி எடுக்கும்போது தோள் தையல் மேற்கைக்கு இறங்குகிறது, கழுத்து அகன்றுபோகிறது, கைக்குழி கீழே தொங்கி, கையை உயர்த்தினால் டாப் முழுவதும் மேலே ஏறுகிறது. ஓர் இடத்தில் இருந்த குறை நான்கு இடங்களுக்குப் பரவுகிறது. சைஸை மாற்றுவது தீர்வாகாமல் போவதற்கு இதுவே காரணம்.

சைஸ் பட்டியல் அறிவியல்பூர்வமாக வகுக்கப்பட்டது என்று நினைப்பவர்கள் அதன் வரலாற்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை 1939-40-இல் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள் வீதம் அளந்தது. ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் 1941-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேரவில்லை. இந்த ஆய்வை அடியொற்றி 1958-இல் வந்த அரசுத் தரத்தை ஆடை நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி மாற்றிக்கொண்டன. 1983-இல் அந்தத் தரமே விலக்கிக்கொள்ளப்பட்டது. நம் நாட்டிலோ இந்திய உடம்புக்கென்று சைஸ் வகுக்கும் திட்டத்தை மத்திய ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட்டும் 2018-இல்தான் அறிவித்தன. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளப்பது அதன் இலக்காக இருந்தது. வரவேற்க வேண்டிய முயற்சிதான். இருந்தாலும் எத்தனை ஆயிரம் பேரை அளந்தாலும் கிடைப்பது சராசரி. அந்தச் சராசரியை அப்படியே தன் உடம்பில் கொண்டவர் எவரும் இல்லை. பட்டியல் திருந்தினால் நாம் பிடித்துத் தைக்க வேண்டிய அளவு குறையுமே தவிர, அந்த வேலையே தேவையில்லாமல் போய்விடாது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில், ஆயத்த ஆடை முடிந்த பொருள் என்ற நம்பிக்கை இன்னும் பொருந்தாத ஒன்று. பெங்களூரு ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஏற்றுமதி ஆடை ஆலைகள் ஓடுகின்றன. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, நாள் முழுக்க பவர் மெஷினில் உட்காருகிறார்கள். அந்த ஆலைகளின் மிச்சச் சரக்கு 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று குறைந்த விலைக்கு விற்பனைக்கு வருகிறது. ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் என்று வெட்டிய உடை அது. நம் ஊர்க்காரர் போட்டால் கை நீளும், உடல் நீளும். அதைத் தைத்த பெண்ணே வாங்கிப் போட்டாலும் அவளுக்கும் பொருந்தாது. நேராக, வேகமாக, நூல் அறாமல் தைக்கத் தெரிந்த அவளே அதை ஆல்டர் செய்யாமல் விடுவதும் உண்டு. காரணம், ஆலையில் ஒருவர் காலர் வைக்கிறார், ஒருவர் கை ஏற்றுகிறார், ஒருவர் சைடு அடிக்கிறார். டார்கெட் ஓடும் லைனில் முழுச் சட்டையும் எவர் கையிலும் இருப்பதில்லை. தைக்கும் திறமை ஊர் முழுக்க இருக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு பிடிப்பது என்ற அறிவைத்தான் லைன் அவர்களிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது.

அந்த அறிவு எட்டாத உயரத்தில் இல்லை. இடுப்பில் தொளதொளக்கும் சுடிதார் டாப்பையே எடுத்துக்கொள்வோம். டாப்பை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, இன்னொருவரை இரு பக்கமும் சமமாகக் குண்டூசி குத்தச் சொல்ல வேண்டும். இங்கே பலர் தவறுவது கணக்கில். சுற்றளவில் 2 அங்குலம் குறைய வேண்டுமென்றால் பக்கத்துக்கு ஓர் அங்குலம் என்று கோடு போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பக்கத் தையலிலும் முன்துணி ஒன்று, பின்துணி ஒன்று என இரண்டு விளிம்புகள் இருக்கின்றன. இரு பக்கமும் சேர்த்து நான்கு. ஆகவே புதுத் தையல் பழைய தையலிலிருந்து அரை அங்குலம் உள்ளே வந்தாலே 2 அங்குலம் குறைந்துவிடும். மெலிந்த சோப்புத் துண்டால் கைக்குழிக்குக் கீழிருந்து கோடு தொடங்கி, இடுப்பில் அந்த அரை அங்குலம் உள்ளே வந்து, பக்க ஓப்பனுக்குச் சற்று மேலே பழைய தையலோடு மெல்லச் சேர வேண்டும். மெஷினில் அடிக்கும் முன் எட்ட எட்ட நூலோட்டம் போட்டு, உடுத்தி, உட்கார்ந்து, கையை உயர்த்திப் பார்க்க வேண்டும். உள்ளே மிஞ்சும் துணியை வெட்டவே கூடாது. நாளை உடம்பு கூடினால் பிரித்துவிட அதுதான் கைகொடுக்கும். பக்கத்தில் சரியாக இருந்து முதுகில் மட்டும் துணி தேங்கினால், பின்பக்கம் நெடுக்காக இரண்டு டக் பிடித்தால் போதும். மார்பில் பட்டன்களுக்கு நடுவே சட்டை வாய் பிளந்தால் பெரிய சைஸுக்கு ஓடத் தேவையில்லை. இடையில் ஒரு பிரஸ் பட்டன் வைத்தால் மூடிக்கொள்ளும். பேண்ட் நீளத்தைக் குறைக்கும் முன் ஒருமுறை துவைத்து, வேலைக்குப் போடும் ஷூவோடு நின்று அடையாளம் இட வேண்டும். பருத்தி சுருங்கும் என்பதால்தான் முதலில் துவைப்பது.

"பிரித்தால் துணி கெட்டுவிடும்" என்பது முதல் மறுப்பு. சில இடங்களில் அது உண்மை. தோளே குறுகலான உடையை விரிக்க முடியாது. கைக்குழி மிகவும் இறங்கிய டாப்பைத் திருத்துவது தேர்ந்த தையற்காரருக்கே கடினம். டி-ஷர்ட் போன்ற இழுபடும் துணியை வீட்டு மெஷினின் நேர்த்தையலில் அடித்தால், இழுக்கும்போது நூல் அறும். நெருக்கமாக நெய்த பட்டில் ஊசித் துளை தெரியும். பல நாள் போட்ட துணியைப் பிரித்துவிட்டால் பழைய தையல் கோடு வெளுக்காத கோடாகக் காட்டிக்கொடுக்கும். இவை திருத்தத்தின் எல்லைகள். எல்லை தெரிந்தால் கடையிலேயே சரியாகத் தேர்வு செய்யலாம்: தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், இடுப்பும் நீளமும் பிறகு திருத்தக்கூடியவை. நம்மவர்கள் பெரும்பாலும் மார்பு அளவையும் வயிற்றையும் மட்டும் பார்த்து எடுக்கிறார்கள். அதனால்தான் திருத்த முடியாத குறையைக் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள்.

இரண்டாவது மறுப்பு மானம் சார்ந்தது: பிடித்துத் தைத்துப் போடுவது இல்லாதவர் செய்கை, வசதி உள்ளவர் புதிதாக வாங்கிக்கொள்வார் என்பது. உண்மை நேர்மாறானது. மிகவும் விலை உயர்ந்த கோட்டுகளைத் தைக்கும் லண்டன் சாவில் ரோ கடைகளில் தையலுக்குள் வேண்டுமென்றே கூடுதல் துணி விடுகிறார்கள். வாங்கியவரின் உடம்பு மாறும், உடை பல ஆண்டுகள் கூடவே மாற வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. நம் தெருமுனை தையற்காரர் ஜாக்கெட்டின் உள்ளே ஓர் அங்குலம் விட்டுத் தைப்பதும் அதே அறிவால்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் துணிக்கு ரேஷன் வந்தபோது, பிரிட்டிஷ் அரசே 1943-இல் கையேடு அச்சிட்டு எல்லா வர்க்கத்தாருக்கும் இருக்கிற துணியைத் திருத்திப் போடக் கற்றுக்கொடுத்தது. விளிம்பைக் குறுக வெட்டி ஓவர்லாக் அடித்து, பிரிக்க வழியில்லாமல் செய்வது துணி மிச்சம் பிடிக்கும் பெருவாரி உற்பத்தியின் பழக்கம். அந்தச் சிக்கனத்தை நாகரிகம் என்று நாம் எடுத்துக்கொண்டது வீண் பெருமை.

மூன்றாவது மறுப்பு நேரமும் கூலியும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு ஊசி பிடிக்க நேரம் ஏது, தையற்காரர் ஆல்ட்ரேஷன் என்றாலே முகம் சுளிக்கிறார் என்கிறார்கள். இரண்டும் நியாயமே. ஆனால் பொருந்தாத உடைக்கும் விலை இருக்கிறது. எடுத்து வைத்துவிட்டு உடுத்தாத டாப்புக்குக் கொடுத்த பணம் முழுவதும் நஷ்டம். அதற்கு மாற்றாக இன்னொன்று வாங்கப் போகும் நேரமும் நேரம்தான். இரண்டு பக்கத் தையல் அடிப்பது ஒரு மாலையில் முடியும் வேலை. மெஷின் இல்லாதவர் அளவு பார்த்து, குண்டூசி குத்தி, நூலோட்டமும் போட்டுக் கொடுத்தால், தையற்காரருக்கு நேர்த்தையல் அடிக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். அவர் வெறுப்பது தையலை அல்ல, வாடிக்கையாளர் சொல்லத் தெரியாமல் சொல்வதால் இரண்டு முறை பிரித்துத் தைக்க நேர்வதைத்தான்.

இன்னொரு மறுப்பு இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. சரியாகத் தைத்துத் தரவேண்டியது விற்பவரின் கடமை. அதை உடுத்துகிறவர் தலையில், குறிப்பாகப் பெண்கள் தலையில் கட்டுவது நியாயமா? இல்லை. நானும் அதைச் சொல்லவில்லை. சொந்தப் பணத்தில் வாங்கும் உடையை நாமே திருத்திக்கொள்ளலாம். மற்றவர் தந்து உடுத்தச் சொல்லும் உடையை அவர்தான் பொருத்தித் தர வேண்டும். இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஓடும் இயந்திரத்துக்கு அருகே சரிபார்க்கும் வேலையும் எண்ணெய் இடும் வேலையும் செய்யும் தொழிலாளி உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அந்த உடையை நிர்வாகமே தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு எழுதிவைத்தது. தொளதொளத்த கை முனை சுழலும் தண்டில் சிக்கினால் என்ன ஆகும் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிரிவு ஆண் தொழிலாளியை மட்டும் நினைத்து எழுதப்பட்டது. இன்று ஓசூர் சுற்றுவட்டாரத்து மின்னணு ஆலைகளிலும் போச்சம்பள்ளி ஸ்கூட்டர் ஆலையிலும் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். ஆண் அளவில் வெட்டிய கோட்டை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் தோள் இறங்கி, கை முனை மணிக்கட்டைத் தாண்டி வரும். 'எம்' சைஸா, 'எல்' சைஸா என்று கேட்டுக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நிர்வாகம் நினைப்பதும் நாம் பேசிவந்த அதே தவறான நம்பிக்கைதான்.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. ஆலைகள் சீருடை கொடுக்கும் நாளில் ஒரு மெஷினையும் ஒரு தையற்காரரையும் உட்காரவைத்து, கை நீளமும் இடுப்பும் அன்றே பிடித்துத் தர வேண்டும். சீருடை ஒப்பந்தங்களில் பக்கத் தையலிலும் கீழ் மடிப்பிலும் ஓர் அங்குலத் துணி கட்டாயம் விட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் 4 இணைச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கப் பெண்களே தைக்கிறார்கள். வளரும் பிள்ளையின் உடையில் கூடுதல் மடிப்பு விடுவதும், கொடுத்தபின் பள்ளியிலேயே ஒருநாள் திருத்தித் தருவதும் அவர்கள் கையில் முடியக்கூடிய காரியங்கள். அதற்கான கூலியை அரசு தர வேண்டும். தையல் தெரிந்த கைகளுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. அளவெடுத்துப் பிடிக்கும் அறிவையும் அவர்களுக்குக் கொடுத்து, அதற்கு உரிய கூலியும் கொடுத்தால், லைனில் காலர் மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் பெண் தன் ஊரிலேயே ஓர் ஆல்ட்ரேஷன் கடை நடத்த முடியும். அதற்குத் தடையாக நிற்பது துணியோ மெஷினோ அல்ல. சைஸ் சீட்டைச் சரியென்றும் தன் உடம்பைத் தப்பென்றும் நம்பும் மனம்தான் தடை. முதலில் பிரிக்க வேண்டிய தையல் அதுதான்.