படகுகள் வரிசையில் நிற்கும் நாளில் வானிலைக்காரர் எங்கே?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தச் சமயத்தில் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போனால் விசைப்படகுகள் எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஒரு படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், இன்னொன்றில் எஞ்சினை இறக்கிப் போட்டிருப்பார்கள், வலை பொத்துகிறவர்கள் நிழல் தேடி உட்கார்ந்திருப்பார்கள். இந்த நாட்களில்தான் மீன்வளத்துறை அதிகாரிகள் வந்து படகுகளை ஆய்வு செய்வார்கள். பதிவு எண் சரியா, நீளம் சரியா, எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று படகு படகாகப் பார்ப்பார்கள். உரிமையாளர் காகிதங்களோடு படகின் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மானிய டீசலுக்குச் சிக்கல்.

வருடத்தில் இப்படி எல்லாப் படகும், எல்லா உரிமையாளரும், பெரும்பாலான டிரைவர்களும் ஒரே இடத்தில் கிடைப்பது வேறு எப்போது? வரவேண்டிய துறைகளில் ஒன்று மட்டும் அன்றைக்கு வருவதில்லை. வானிலைத் துறை!

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகரத்தில் 1970 முதல் அக்டோபர் மாதத்தில் பாய்மரப் படகுக் கண்காட்சி நடக்கிறது. குளிர்காலத்துக்கு முன் கரீபியன் பக்கம் கிளம்பும் உல்லாசப் படகுக் கேப்டன்கள் அங்கே கூடுவார்கள். கடல் வானிலை சொல்கிறவர்களும் வந்து வகுப்பு எடுப்பார்கள். நவம்பரில் நடுக்கடலில் ரேடியோவில் கேட்கப் போகும் குரலின் முகத்தை அக்டோபரிலேயே பார்த்துவிடலாம்.

கனடாவில் ஹெர்ப் ஹில்கன்பெர்க் என்று ஒருவர் இருந்தார். 1987-ல் ஆரம்பித்து 2013 வரை ரேடியோ வழியாக அட்லாண்டிக் படகுகளுக்கு இலவசமாக வானிலை சொன்னவர். அவர் மட்டுமே பேசிவிட்டுப் போகமாட்டார். படகுக்காரர் முதலில் தான் எங்கே இருக்கிறேன், காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு, நாளைக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று இவர் சொல்வார். கேட்பதும் சொல்வதும் இரண்டு பக்கமும் இருந்தது.

"அது பணக்காரர் பொழுதுபோக்கு, இது வயிற்றுப்பாடு, இரண்டையும் ஒப்பிடலாமா?" என்று கேட்கலாம். ஒப்பிட வேண்டும். பொழுதுபோக்குக்குப் போகிறவருக்கே இவ்வளவு தேவைப்படுகிறது என்றால், வாரத்துக்கு ஆறு நாள் போகிறவருக்கு எவ்வளவு தேவைப்படும்?

சொன்னதற்கும் புரிந்ததற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1998 டிசம்பர் 26 அன்று சிட்னியிலிருந்து ஹோபார்ட் வரையிலான பாய்மரப் படகுப் பந்தயம். 115 படகுகள் கிளம்பின. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஆஸ்திரேலிய வானிலைத் துறை புயற்காற்று எச்சரிக்கை விட்டுவிட்டது. ஆனாலும் 6 பேர் செத்தார்கள், 5 படகுகள் மூழ்கின, 44 படகுகள்தான் போய்ச் சேர்ந்தன. பிறகு நடந்த விசாரணையில் தெரிய வந்த விஷயம் முக்கியமானது. அறிக்கையில் சொல்லும் காற்று வேகம் சராசரி வேகம், திடீர் வீச்சு அதைவிட மிக அதிகமாக இருக்கும் என்பது பல மாலுமிகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. அத்தனை அனுபவசாலிகளுக்கே! அதற்குப் பிறகுதான், வீச்சுக்காற்று சராசரியைவிட 40 சதவீதம் வரை கூடலாம், பெரிய அலை சொன்ன உயரத்தைப் போல இரண்டு மடங்கு வரை வரலாம் என்ற வரி அங்கே அறிக்கையோடு சேர்ந்து வர ஆரம்பித்தது.

நம் அறிக்கைக்கும் இதே சங்கதிதான். "அலை உயரம் 2 மீட்டர்" என்றால் வருகிற அலையெல்லாம் 2 மீட்டர் என்று அர்த்தமில்லை. அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அதன் சராசரியைச் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கில் அலை வரும்போது அதில் ஒன்று கிட்டத்தட்ட 4 மீட்டருக்கு எழும்பினால் அது கணக்குக்கு வெளியே இல்லை, கணக்குக்கு உள்ளேதான். இதை ஃபைபர் படகில் போகிறவருக்கு யார் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள்?

அதோடு அறிக்கையின் பாஷை. "தென்மேற்கு வங்கக்கடலின் ஒருசில பகுதிகள்" என்று சொன்னால், தேவனாம்பட்டினத்திலிருந்து காலையில் போய் மதியம் திரும்புகிறவர் எதைப் புரிந்துகொள்வார்? அவருக்குக் கடல் என்பது இத்தனை பாகம் ஆழம் என்ற கணக்கு. காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்று பேர். நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்று பேர். ஊருக்கு ஊர் இந்தப் பேர்கள் கொஞ்சம் மாறும் என்பது வேறு விஷயம். அதனால்தான் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க முடியாது, நேரில் வந்து கேட்க வேண்டும்.

கேட்டால் விஞ்ஞானத்துக்கும் லாபம். உள்ளூரில் காற்றே இல்லாமல் திடீரென்று கடல் பொங்கிக் கரையேறுவதைக் கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்பார்கள். 2012-ல் அந்த வார்த்தையை யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் விடும் எச்சரிக்கையிலும் கள்ளக்கடல் என்றே வருகிறது. மீனவர் வைத்த பேர்!

சரி, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, அது போதாதா? பேப்பரில் தவறாமல் படம் வரும், "கடலூர் துறைமுகத்தில் 1-ம் எண் கூண்டு" என்று. மொத்தம் 11 எண்கள். 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அற்றுப்போய்விட்டது என்று பொருள் (இந்த ஒரு எண் மட்டும் வருடம் முழுக்கப் பொருந்தும்போல :-) ). இந்த முறை 19-ம் நூற்றாண்டில் கப்பல்களுக்காக வந்தது. துறைமுகத்துக்குள் வரும், வெளியே போகும் கப்பல் கேப்டனுக்குச் சொல்லும் சேதி அது. அன்னங்கோயிலிலிருந்து வெள்ளாற்று முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறவருக்கு, மணல் சேர்ந்து மேடான வாயில் அலை எப்படி உடையும் என்பதை எந்தக் கூண்டும் சொல்லாது.

கப்பல் என்றதும் இன்னொன்று. வானிலைத் துறை கடலோடிகளை நேரில் பார்ப்பதே இல்லை என்று சொன்னால் அது பொய். சென்னை போன்ற பெரிய துறைமுகங்களில் துறைமுக வானிலை அலுவலகம் என்றே ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஆள் போய் சரக்குக் கப்பலில் ஏறி, அதிலுள்ள காற்றழுத்தமானி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், கேப்டனோடு பேசுவார், கப்பலில் எழுதி வைத்த வானிலைக் குறிப்புகளை வாங்கிக்கொள்வார். நன்றாகக் குறிப்பு எழுதும் கப்பல்களுக்குப் பாராட்டும் உண்டு. ஆக, முறை தெரியும். ஏணி வைத்துக் கப்பலில் ஏறத் தெரிந்தவர்களுக்கு விசைப்படகில் ஏறுவதா கஷ்டம்? கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் வானிலை ஆய்வகமே இருக்கிறது.

"இப்போதுதான் எல்லாம் போனில் வந்துவிட்டதே" என்பது அடுத்த பதில். வந்துவிட்டதுதான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி தமிழிலேயே காற்றும் அலையும் காட்டுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் உருவானபோது, ஏற்கனவே ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அதற்குப் பிறகு 2019-ல் செயற்கைக்கோள் வழியாகச் சேதி வாங்கும் ஜெமினி கருவி வந்தது. ஆனால் அதில் கேட்கத்தான் முடியும், பதில் பேச முடியாது. இப்போது இரண்டு பக்கமும் செய்தி போகும் டிரான்ஸ்பாண்டரைப் படகுகளில் பொருத்தி வருகிறார்கள். நல்லது, வேண்டியதும்கூட. ஆனால் கருவி வழியே சேதி வந்துவிடும், அதை நம்புவது தனி வேலை. அறிக்கை "போகாதே" என்று சொல்லி, அன்றைக்குக் கடல் குளம் மாதிரி கிடந்தால், ஒரு நாள் கூலி போச்சு. இரண்டு தடவை அப்படி ஆனால் மூன்றாவது தடவை யார் கேட்பார்? ஏன் தப்பியது என்று விளக்கவும் ஆள் இல்லை, திட்டவும் ஆள் இல்லை. திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டும் ஐயா!

முகம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ரமணன் அவர்களே சாட்சி. 2016-ல் ஓய்வு பெறும் வரை அவர் டிவியில் வந்து சொன்னால்தான் மழை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் காத்துக்கிடந்தார்கள். கடலுக்கு அப்படி ஒரு ரமணன் வரவில்லை.

நம்பிக்கையான குரல் உயிரைக் காப்பாற்றியதும் கடலூருக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒரு பிள்ளை டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு, புதுச்சேரி நல்லவாடில் இருக்கும் தன் வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் அங்கிருந்த கிராம அறிவு மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். கடல் நிலையை அன்றாடம் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி அது. ஊர் ஓடியது, உயிர்கள் தப்பின. பழக்கமில்லாத குரல் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் ஓடியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இன்காய்ஸும் மற்றவர்களும் மீனவர்களுக்குப் பயிலரங்கு நடத்துகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மண்டபம், மேடை, பொன்னாடை என்றால் சங்கத் தலைவர்தான் வருவார், டிரைவர் வரமாட்டார். ஆய்வு நாளில் டிரைவர் தானாகவே அங்கே இருக்கிறார். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு வரைபடம், வானிலைக்காரர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. போன வருடம் எந்தெந்த நாள் அறிக்கை தப்பியது என்று டிரைவர்கள் சொல்லச் சொல்ல அதில் எழுத வேண்டும். எழுதுவதற்கு ஆள் இல்லை என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. சிதம்பரத்தில் மாணவர்களுக்கும் பஞ்சமில்லை. தடைக்காலம் கிட்டத்தட்டக் கோடை விடுமுறையோடு சேர்ந்தே வருகிறது. ஜூன் 15 விடியற்காலை படகுகள் கிளம்பிவிடும். அதற்கு முன் ஏதாவது ஒரு நாள் போதும்.