பெயர் மாறினால் போதுமா?

எலக்ஷன் என்று வந்துவிட்டால் அபேட்சகர்கள் பேசாத விஷயம் ஒன்றுமில்லை. அரிசியைப் பற்றிப் பேசுகிறார்கள். ரோட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். குடிதண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஜாதியின் பெயரால் ஓட்டுக் கேட்கக் கூடாதென்று சட்டம் இருப்பதால் அதை மாத்திரம் மேடையில் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆனால், ஒரு மனிதனை விசாரணை இல்லாமல் பிடித்து மாதக்கணக்காய் அடைத்து வைக்கச் சர்க்காருக்கு அதிகாரம் இருக்கலாமா என்கின்ற விஷயத்தைப் பற்றி ஓட்டர்களும் கேட்பதில்லை; அபேட்சகர்களும் தாமாகச் சொல்வதில்லை. சொல்லுகின்ற சிலர் யாரென்று பார்த்தாலோ, அநேகமாய் அவர்கள் அந்தச் சமயத்தில் அதிகாரத்தில் இல்லாதவர்களாகவும், அவர்களுடைய கட்சிக்காரர்களே சிறையில் இருக்கின்றவர்களாகவும் இருப்பார்கள்.

பிரஜா உரிமை ஒருநாளும் எலக்ஷன் விஷயமாக ஆனதில்லை என்று சொல்லிவிட முடியாது. நமக்குத் தெரிய மூன்று எலக்ஷன்களில் அது மேடைக்கு வந்தது. அந்த மூன்றிலும் வாக்குறுதி கொடுத்தவர்கள் ஜெயித்தும் இருக்கிறார்கள். ஜெயித்த பின் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால்தான், இனி வருகின்ற அபேட்சகர்களிடம் ஓட்டர்கள் எதைக் கேட்பது என்பது விளங்கும்.

முதலாவது, 1937. காங்கிரஸ் தனது எலக்ஷன் அறிக்கையில் அடக்குமுறைச் சட்டங்களை ஒழிப்போமென்றும், அரசியல் கைதிகளை விடுவிப்போமென்றும் சொல்லிற்று. சென்னைச் சட்டசபையில் 215 ஸ்தானங்களில் 159 ஸ்தானங்களை ஜனங்கள் அதற்குக் கொடுத்தார்கள். தோழர் ராஜகோபாலாச்சாரியார் 1937 ஜூலையில் பிரதம மந்திரியானார். அடுத்த வருஷமே, பள்ளிகளில் கட்டாய இந்தி கூடாதென்று மறியல் செய்தவர்கள்மீது கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம் பாய்ந்தது. அது 1932இல் சட்ட மறுப்புக்காரரான காங்கிரஸ்காரர்களை அடக்குவதற்கென்று வெள்ளைக்காரச் சர்க்கார் கொண்டுவந்த சட்டம். அதை ஒழிக்க வேண்டுமென்று ஊரெல்லாம் கூச்சல் போட்டவர்களும் காங்கிரஸ்காரர்களே. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை சென்றார்கள். பெண்களும் கைக்குழந்தைகளும் போனார்கள். 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைத் தண்டனைக் காலத்திலேயே மாண்டார்கள். வெள்ளைக்காரன் கையிலிருந்தபோது அடக்குமுறையாய் இருந்தது தம் கைக்கு வந்தவுடன் ஒழுங்குமுறையாய் ஆகிவிட்டது.

இரண்டாவது, 1977. 1975 ஜூன் 25ஆம் தேதி இரவு அவசர நிலை பிரகடனமாயிற்று. ‘மிசா’ என்கின்ற 1971ஆம் வருஷத்துச் சட்டத்தின்படியும், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படியும் பிடிக்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் என்று பின்னால் ஷா கமிஷன் கணக்குச் சொல்லிற்று. அடைபட்டவன் கோர்ட்டுக்குப் போய் ‘என்னை ஏன் அடைத்தீர்கள்’ என்று கேட்கக்கூட வழியில்லை என்று 1976 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து ஜட்ஜுகளில் நால்வர் தீர்ப்புச் சொன்னார்கள், எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31ஆம் தேதி தி.மு.க. மந்திரிசபை கலைக்கப்பட்டு அக்கட்சிக்காரர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். சென்னைச் சிறையில் அடிபட்ட பார்லிமெண்ட் மெம்பர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் மாண்டார்.

அந்த 1977 மார்ச் எலக்ஷனில், ரொட்டியும் வேண்டும் சுதந்திரமும் வேண்டும் என்று அறிக்கை போட்ட ஜனதாக் கட்சியை வடநாட்டு ஜனங்கள் ஆட்சியில் உட்கார வைத்தார்கள். தமிழ்நாட்டில் 39 ஸ்தானங்களில் 34 ஸ்தானங்கள் அவசர நிலை கொண்டுவந்த காங்கிரஸ் சேர்ந்திருந்த கூட்டுக்கே போயின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறைக் கதவு தன் வீட்டுக்காரனுக்குத் திறந்திருந்தால்தான் ஓட்டருக்கு அது தெரிகின்றது போலும்!

ஜனதா ஆட்சி சில நல்ல காரியங்களைச் செய்தது. 1978இல் ‘மிசா’வை எடுத்தது. 44ஆவது திருத்தத்தின் மூலம், ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்று சொல்லி அவசர நிலை கொண்டுவர முடியாதபடியும், அவசர நிலையிலும் உயிருக்கும் உடலுக்குமான சுதந்திரத்தைக் கோர்ட்டில் கேட்கும் உரிமையை நிறுத்தி வைக்க முடியாதபடியும் செய்தது. இதை மறுப்பது யோக்கியமாகாது. ஆனால், அதே திருத்தத்தின் 3ஆவது பிரிவு என்னவாயிற்று? விசாரணையில்லாமல் அடைபட்டவனுடைய வழக்கை ஆலோசனைக் குழு பார்க்கும் முன் மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டு மாதமாய்க் குறைத்து, அக்குழுவில் ஹைக்கோர்ட் ஜட்ஜுகளாய் இருப்பவர்களையோ இருந்தவர்களையோ உட்கார வைக்க வேண்டும் என்றது அப்பிரிவு. பார்லிமெண்ட் அதை நிறைவேற்றிற்று. ஆனால் அது அமுலுக்கு வரும் தேதியை மத்திய சர்க்கார் குறிக்க வேண்டும். நிறைவேற்றிய ஜனதா சர்க்காரே குறிக்கவில்லை. அதற்குப் பின் வந்த எந்தச் சர்க்காரும் குறிக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பிரிவு புஸ்தகத்தில் அச்சாகி அப்படியே தூங்குகின்றது. 1980இல் இந்திரா காந்தி அம்மையார் திரும்பி வந்து தேசியப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று போட்டார். ‘மிசா’ போய்விட்டது என்று பட்டாசு வெடித்தவர்கள், அது வேறு பெயரோடு வந்து உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, 2004. இது நமது நாட்டு எலக்ஷன் மேடைகளில் நேராகவே பேசப்பட்டது. ‘பொடா’ என்கின்ற சட்டம் 2002 மார்ச்சில் பார்லிமெண்டின் இரு சபைகளின் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியபோது, அன்றைக்கு மத்திய ஆட்சிக் கூட்டணியில் இருந்த தி.மு.க.வும் ம.தி.மு.க.வும் அதற்கு ஆதரவாகவே நின்றன. அதே வருஷம் ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக ம.தி.மு.க. தலைவர் தோழர் வைகோவை அதே சட்டத்தின் கீழ் ஜெயலலிதா அம்மையாரின் சர்க்கார் பிடித்தது. சுமார் 19 மாதம் சிறையில் இருந்தார். தோழர் பழ.நெடுமாறனும் பிடிக்கப்பட்டார். தாம் ஆதரித்த சட்டம் தம்மீதே திரும்பும் என்பதை அறிய நான்கு மாதம்கூடப் பிடிக்கவில்லை!

2004 எலக்ஷனில் ‘பொடா’வை ஒழிப்போம் என்றவர்கள் தமிழ்நாட்டில் 39 ஸ்தானங்களையும் பிடித்தார்கள். சொன்னபடி 2004 செப்டம்பர் 21ஆம் தேதி ‘பொடா’ ஓர் அவசரச் சட்டத்தால் எடுக்கப்பட்டது. ஆனால் அதே நாளில் இன்னோர் அவசரச் சட்டமும் பிறந்தது. அது 1967ஆம் வருஷத்துச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், அதாவது ‘ஊபா’வில், ‘பொடா’விலிருந்த பயங்கரவாத அத்தியாயத்தின் பெரும் பகுதியைக் கொண்டுபோய் ஒட்டிற்று. போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும் என்கின்ற பொல்லாத விதி மாத்திரம் ஒழிந்தது, அது லாபந்தான். மற்றதில் பாக்கி இருந்ததையும் 2008 டிசம்பரில் பம்பாய்த் தாக்குதலுக்குப் பின், தி.மு.க. மந்திரிகளும் இருந்த அதே மத்திய சர்க்கார் சேர்த்தது. போலீசார் குற்றப்பத்திரிகை கொடுக்காமலே 180 நாள் வைத்திருக்கலாம் என்றும், குற்றச்சாட்டு மேலெழுந்தவாரியாய் உண்மை போலத் தோன்றினாலே ஜாமீன் இல்லை என்றும் விதியாயிற்று. திருச்சி ஜில்லாவில் பிறந்து, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளிடையே பாடுபட்ட ஸ்டான் சுவாமி 83 வயதில் அந்தச் சட்டத்தின் கீழ்தான் பிடிபட்டு, ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5ஆம் தேதி மாண்டார். அவர்மீது இருந்த குற்றம் மெய்யா பொய்யா என்று எந்தக் கோர்ட்டும் விசாரித்து முடிக்கவில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது என்ன? மகாவிஷ்ணு பத்து அவதாரம் எடுத்தார் என்று புராணக்காரர்கள் கதை சொல்லுகிறார்கள். மீனாய் வந்தாலும் ஆமையாய் வந்தாலும் ஆசாமி ஒருவரேயாம். அந்தக் கதையை நாம் நம்புவதில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் அவதாரம் நம் கண்ணுக்கு எதிரிலேயே நடந்திருக்கின்றது. 1919இல் ரௌலட் சட்டம், குடியரசுக்கு ஒரு மாதம் ஆனவுடனேயே 1950 பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டம், 1971இல் ‘மிசா’, 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம், 1985இல் ‘தடா’, 2002இல் ‘பொடா’, பிறகு ‘ஊபா’. ராஜத்துரோகச் சட்டப் பிரிவும் இப்படியே. 2019இல் காங்கிரஸ் அதை எடுப்போமென்று அறிக்கை போட்டது. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் புதிய தண்டனைச் சட்டத்தில் ராஜத்துரோகம் என்ற சொல் இல்லாமலே 152ஆவது பிரிவாக அது வந்து சேர்ந்துவிட்டது. பழைய கள், மொந்தைதான் புதியது.

ஆகவே ‘இன்ன சட்டத்தை ஒழிப்பேன்’ என்று ஓர் அபேட்சகர் சொன்னால் அதோடு திருப்தியடைந்துவிடக் கூடாது என்பதே நாம் சொல்ல வந்தது. ஒழிய வேண்டியது பெயர் அல்ல. குற்றப்பத்திரிகை இல்லாமல் எத்தனை நாள் அடைக்கலாம், ஜாமீன் உண்டா இல்லையா, அடைபட்டவன் யாரிடம் போய் முறையிடுவது, அவனுக்காகப் பேச வக்கீல் உண்டா என்கின்ற இந்த நான்கு சங்கதிகளில்தான் சட்டத்தின் விஷம் இருக்கின்றது. இவை மாறாமல் பெயர் மாத்திரம் மாறினால் சிறைக்குள் இருப்பவனுக்கு என்ன பிரயோஜனம்?

நிற்க, ‘வெடிகுண்டு போடுகிறவனையும் ரௌடியையும் விட்டுவிடச் சொல்லுகிறீர்களா?’ என்று சிலர் கேட்கக் கூடும். நாம் அப்படிச் சொல்லவில்லை. கொலைக்கும் குண்டுக்கும் சாதாரணத் தண்டனைச் சட்டத்திலேயே தூக்கு வரை தண்டனை இருக்கின்றது. நாம் கேட்பதெல்லாம் விசாரித்துத் தண்டியுங்கள் என்பதுதான். விசாரணை நேராய் நடக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு ராஜீவ் காந்தி கொலை வழக்கே சாட்சி. ‘தடா’ கோர்ட் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அது ‘தடா’க் குற்றமே அல்ல என்று சொல்லி 19 பேரைத் தூக்கிலிருந்தும் சிறையிலிருந்தும் விடுவித்தது. மேல் கோர்ட் ஒன்று இல்லாதிருந்தால் அந்தப் பத்தொன்பது கழுத்துகளின் கதி என்ன?

டில்லியை மாத்திரம் குறை சொல்லி நம் வீட்டை மறந்துவிடவும் கூடாது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் வந்த குண்டர் சட்டம் இங்கே இருக்கின்றது. அதன்படி ஒருவனை 12 மாதம் வரை விசாரணையின்றி வைத்திருக்கலாம். ஆலோசனைக் குழுவின் முன் அவனுக்காக வக்கீல் பேசக் கூடாது. கள்ளச் சாராயக்காரருக்கும் ரௌடிக்கும் என்று வந்த சட்டம், 2017இல் மெரினாவில் நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தி முதலான நால்வர்மீது பாய்ந்தது; ஹைக்கோர்ட் அதை ரத்து செய்தது. ரத்தாகும் வரை அவர்கள் சிறையில் கழித்த மாதங்களை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? 1982க்குப் பின் மாறி மாறி ஆண்ட கழகங்கள் இரண்டுமே எதிர்க்கட்சியில் இருக்கும்போது இதன் கொடுமையைப் பேசின. ஆளும்போது இதை ஒழிக்கவில்லை. பேரும் முகவரியும் தெரியாத ஏழைகளும், ஒடுக்கப்பட்ட ஜாதிகளின் வாலிபர்களும் இச்சட்டத்தில் சிக்கினால், அவர்களுக்காக அறிக்கை விடவும் ஆள் இல்லை.

ஓட்டர்களே! உங்கள் வாசலுக்கு வருகின்ற அபேட்சகர் எந்தக் கட்சிக்காரராய் இருந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பார்லிமெண்டுக்கு நிற்கின்றவரானால், ‘44ஆவது திருத்தத்தின் 3ஆவது பிரிவுக்குத் தேதி குறிக்கச் சொல்லிச் சபையில் எழுந்து கேட்பீரா? ஊபாவில் ஜாமீனை மறுக்கின்ற விதியை எடுக்க ஓட்டுப் போடுவீரா?’ என்று கேளுங்கள். சட்டசபைக்கு நிற்கின்றவரானால், ‘குண்டர் சட்டத்தை எடுப்பீரா? எடுக்கும் வரை அடைபட்டவனுக்கு வக்கீல் கொடுப்பீரா? கோர்ட் ரத்து செய்தால் அவனுக்கு நஷ்டஈடு உண்டா?’ என்று கேளுங்கள். ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரட்டும். ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்லுகிறேன்’ என்பாரானால், அவர் சட்டசபைக்கு எதற்கு?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இருக்கின்றது. ‘உம்முடைய தலைவரைத் தெருவில் நின்று திட்டினவனை உம்முடைய சர்க்கார் விசாரணையில்லாமல் அடைத்தால், அவனை விடு என்று நீர் சொல்வீரா?’ என்று கேளுங்கள். தன் கட்சிக்காரனுக்காக எல்லோரும் சொல்லுவார்கள்; அது பிரஜா உரிமை அல்ல, கட்சிப் பாசம். தன் விரோதிக்காகவும் சொல்லத் துணிகின்றவனிடந்தான் நமது உரிமை பத்திரமாய் இருக்கும். ஏனென்றால், இன்றைக்கு ஆளுகிறவன் நாளைக்கு அடைபடுகிறவனாவான் என்பதை 1937, 1977, 2004 ஆகிய மூன்று எலக்ஷன்களும் காட்டிவிட்டன. ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் அடைபடுகிறவனாகவே இருக்கின்றவன் சாதாரண ஜனம்தான். அவனிடம் ஓட்டு ஒன்றுதான் இருக்கின்றது. அதைக் கொடுப்பதற்கு முன்னாவது அவன் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டாமா?