இடம் தெரியும், நாள்தான் தெரியாது

தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

பதுளைத் தோட்டங்களில் மண்சரிவுக்குப் பயந்து மாற்று வீடு கேட்டு மனு எழுதியவர்களின் கை ஓய்ந்துவிட்டது. "கிடைக்கப்பெற்றது" என்ற பதில் மட்டும் ஒழுங்காக வருகிறது. ஆகவே இது ஊரறிய எழுதப்படுகிறது.

மண் எங்கே நகரும் என்று கணிப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல, ஐயா. ஒலுவிலைப் பாருங்கள். கிழக்குக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 2013இல் அங்கே திறந்த துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே தென்னைகள் கடலில் விழுந்தன. துறைமுக வாயும் தூர்ந்தது. பழைய வரைபடத்தோடு புதிய செய்மதிப் படத்தை ஒப்பிட்டால், கரை வருடத்துக்கு எத்தனை மீற்றர் போகிறது, பத்து வருடத்தில் கடல் யார் வாசலுக்கு வரும் என்று கணக்குப் போடலாம். கடல் பெரும்பாலும் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் தின்னும்.

மலை அப்படியல்ல. வருடக்கணக்கில் சும்மா இருக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் சுவரில் வெடிப்பு விழும்; சீமெந்து பூசுவார்கள்; அடுத்த மாரியில் அதே பூச்சின் நடுவே முடி மாதிரி ஒரு கோடு ஓடும். இஸ்தோப்புத் தரை ஒரு பக்கம் இறங்கும். வறண்ட இடத்தில் ஊற்றுக் கிளம்பும், அதுவும் சேற்று நிறத்தில். பிறகு சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். மண்சரிவுக்கு நாள் குறிக்க முடியாது. இடம் குறிக்கலாம்.

குறித்தார்கள். கொஸ்லந்தை மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29 காலை ஏழரை மணிக்குப் பிறகு மலை இறங்கியது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது லயன் இல்லை. புதைந்தவர்கள் நூறு பேர் என்றார்கள், முந்நூறுக்கு மேல் என்றார்கள், கடைசியில் 37 என்றார்கள். உடலாகக் கிடைத்தவர்கள் 12 பேர். கொழுந்தை நிறுத்து, சாக்குக்கென்று கிலோ கழிக்கத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு லயனில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பது தெரியவில்லை.

"எழும்பிப் போகச் சொன்னோமே" என்றார்கள் பிறகு. எங்கே போவது? காம்பராவும் தோட்டத்துடையது, காணியும் தோட்டத்துடையது. காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, வந்து நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது.

தப்பியவர்கள் மக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் கிடந்தார்கள். 75 வீடுகளின் சாவி 2016 ஒக்டோபரில்தான் கைக்கு வந்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் இறங்கியது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளையில் மறுபடியும் மண்ணைத் தோண்டி ஆட்களைத் தேடினார்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் கதிரையில் இருந்தவர்கள் ஹெலியில் வந்து பார்த்தார்களோ இல்லையோ, அனுதாபம் தெரிவிக்கத் தவறவில்லை.

எச்சரிக்கை விதிப்படி, 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேறவேண்டும். சரி. நடக்கமுடியாத அம்மாயியைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுச்சாமத்தில், அந்த மழையில் எந்தப் பக்கம் வெளியேறுவது? சிவப்பு எச்சரிக்கையில் அதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

அபாய வலயத்தில் நிற்கும் லயன்கள் எவை என்று உங்கள் வரைபடமே சொல்கிறது. மலை எப்போது சரியும் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. மாற்றுக் காணி எது, வீட்டுச் சாவி எந்த மாதம் என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லச் செய்மதிப் படமோ மழைமானியோ தேவைப்படாது.